சுவருக்கு எண்ணெய் முழுக்கு

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆண்கள் சாப்பிட்டுவிட்டு உறங்குவார்கள். நமக்கு வாசகசாலையில் அந்த நேரம் கிடைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நாலாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் ஒருத்தி போன மாதம் எனக்குக் கடிதம் போட்டிருந்தாள். வாசகசாலையின் வசந்த வாரத்தை நினைத்தால் இன்றும் வாயில் பானகம் இனிக்கிறது என்று எழுதியிருந்தாள். பானகம் நன்றாகத்தான் இருந்தது. சுக்கு கொஞ்சம் தூக்கல். ஆனால் அந்த வாரத்தில் நடந்தவற்றில் பானகம் மட்டும்தான் ஞாபகத்தில் தங்கும் என்றால், மற்றதை யாராவது எழுதி வைத்தாக வேண்டும். நான் சென்னையில் ஒரு சோதனைச்சாலையில் தண்ணீரையும் பாலையும் சோதித்துக் குறிப்பெழுதும் வேலை பார்க்கிறேன். கண்டதைக் கண்ட வரிசையில் எழுதுவதுதான் என் வேலை. அதனால் நானே எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி. நமக்கு ஒன்பது, பத்து வயது. தென்காசியில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாசகசாலை இருந்தது. ஒரு நீளக் கூடம், இரண்டு பெஞ்சு, கண்ணாடி போட்ட மூன்று அலமாரி, மூங்கில் கழியில் கோர்த்த பத்திரிகைகள். உள்ளே போனதும் வசம்பும் பழைய பசையும் கலந்த வாசனை வரும். அதுவரை நாம் அந்த வாசனையை ஜன்னலுக்கு வெளியே நின்று மட்டும்தான் அறிந்திருந்தோம். அந்தப் பங்குனியில்தான் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். நம் வகுப்புப் பெண்கள் பதினொரு பேர். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை.

கதவின் உட்புறத்தில் காரியதரிசி தம் கைப்பட எழுதி ஒட்டிய நிபந்தனைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். கால் கழுவி வர வேண்டும். சிரிக்கக் கூடாது. பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, இதழ் புத்தகத்துக்குள் விழும். தலையில் எண்ணெய் வழிய வரக் கூடாது, பக்கத்தில் கறை படியும். அலமாரியைத் தொடக் கூடாது, வேண்டியதைக் காவல்காரரிடம் கேட்க வேண்டும். நாவல் கேட்கக் கூடாது. சித்திரை விஷு வரையில் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டால் கமிட்டி கூடி, பெண்கள் நேரத்தை நிரந்தரமாக்குவது பற்றி யோசிக்கும்.

நாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டோம். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினோம். எனக்குக் கிடைத்தது ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். நீராவி எஞ்சினை நடுவில் அறுத்துக் காட்டிய படங்கள் அதில் இருந்தன. ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் தண்ணீர் எங்கே போகிறது, ஆவி எங்கே போகிறது என்று புரிந்துவிடும். என் அப்பா ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. தினமும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாததை நான் அந்தப் படத்திலிருந்து அவருக்குச் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். அந்தப் புத்தகத்தில் பாதிதான் பார்த்தேன்.

காரியதரிசியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்த மனிதர், எப்போதும் ஒரு குடை. நமக்காகக் கமிட்டியில் வாதாடியது அவர் ஒருவர்தான். தலைவராக இருந்த இலத்தூர்ப் பண்ணையார், "பொம்பளப் பிள்ளையெல்லாம் பேப்பர் படிச்சு என்னத்துக்கு? கலெக்டருக்கு யோசன சொல்லப் போவுதாக்கும்" என்று கேட்டாராம். "ஒரு மாசம் விட்டுப் பாப்போம் அண்ணாச்சி. புடிக்கலன்னா நிறுத்திக்கிடலாம்" என்றாராம் காரியதரிசி. இதைக் காவல்காரர்தான் நமக்குச் சொன்னார். நம் காரியதரிசி நம்மை உள்ளே விட்டபோதே வெளியே அனுப்பும் வழியையும் திறந்து வைத்துவிட்டுத்தான் விட்டார். அன்று அது எனக்குப் படவில்லை.

பங்குனிக் கடைசியில் வசந்த வாரம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் மாஜிக் லாந்தர் வைத்து வெள்ளைத் துணியில் படம் காட்டினார்கள். இன்னொரு நாள் செய்யுள் ஒப்பிக்கும் போட்டி. மற்றொரு நாள் புத்தகம் உலர்த்தினோம். ஆனியில் சாரல் தொடங்கினால் நம் ஊரில் காகிதம் அப்பளம்போல் நமத்துப் போகும். அதற்கு முன்பே வெயிலில் காயவைத்து, பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலை வைத்து மூட வேண்டும். கோயில் வாசலில், அந்தப் பிளந்த மொட்டைக் கோபுரத்தடியில் புத்தகங்களைப் பரப்பினோம். அங்கே அடிக்கும் காற்றை எல்லாருக்கும் தெரியும். பதினொரு பேரும் கையில் கூழாங்கல்லோடு பக்கங்களைத் துரத்திக்கொண்டு ஓடினோம். ஒரு தாள்கூடப் பறிபோகவில்லை. பண்ணையாரே வந்து பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். பெண்கள் நேரம் நிலைத்துவிட்டது என்று நான் அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்தது புராதன இடங்களைப் பார்வையிடுவது. வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. பழைய மண்டபங்களையும் கல்வெட்டுகளையும் பார்த்து எழுதுகிறவர். அவருக்குக் காட்டக் காரியதரிசி தேர்ந்தெடுத்தது பொம்மை மண்டபத்தை. குற்றாலத்துச் சித்திர சபை வேறு, அதை எல்லாருக்கும் தெரியும். இது மேலகரம் தாண்டி, சிற்றாற்றுக்கு இறங்கும் வண்டிப்பாதையில் தனியே நின்ற சின்னக் கல்மண்டபம். ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கும் சத்திரமாக இருந்தது. உள்சுவர் ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் சித்திரம் எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு மாட்டுவண்டியில் நம்மைக் கூட்டிப் போனார்கள். குற்றாலத்தில் அப்போது கூட்டமே இல்லை. தூரத்தில் பாறையில் அருவி ஒரு நூலாகத் தொங்கிற்று. ஆளில்லாத ரோட்டில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. மண்டபத்துக்குள் வௌவால் நாற்றம். கண் பழகியதும் சுவர் தெரிந்தது. ஒரு கல்யாண ஊர்வலம் குற்றாலத்துக்குப் போகிறது. மங்கலாக இருந்தது, ஆனால் எல்லாம் இருந்தது. நான் வழக்கம்போல் எண்ணி நோட்டில் குறித்தேன். யானை மூன்று, குதிரை ஏழு, பல்லக்கு ஒன்று. குடம் சுமக்கும் பெண்கள் பதினான்கு. மரத்திலும் பாறையிலும் குரங்குகள் பத்தொன்பது, அதில் ஒன்று பல்லக்குக்காரனின் தலைப்பாகையைப் பிடித்து இழுக்கிறது. ஓரத்தில் கிளிகள். வலப்பக்கம் உயரமாக, வெள்ளை வெள்ளைக் கோடாக அருவி.

காரியதரிசி குடையை ஊன்றிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"மங்கிப் போயில்லா கெடக்கு. அதிகாரிக்கு என்னத்தக் காட்ட?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கருங்கல்லுச் சாமிக்கு எண்ணெக்காப்புச் சாத்துனா எப்படி மின்னுது. சுவத்துக்கும் அதுதான்" என்றார்.

அவர் வீட்டிலிருந்தே நல்லெண்ணெய் வந்தது. கூட வந்த பையன்களைத் தோரணம் கட்ட அனுப்பிவிட்டு, "பொம்பளப் பிள்ளை கைதான் பதமா இருக்கும்" என்று பழந்துணியை நம்மிடம் கொடுத்தார். தேய்த்தோம். உண்மையைச் சொல்கிறேன், அதுபோல ஓர் அழகை நான் பார்த்ததில்லை. எண்ணெய் பட்ட இடத்தில் பச்சை எழுந்தது, சிவப்பு எழுந்தது. யானையின் கண் திறந்தாற்போல் இருந்தது. காரியதரிசி குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். வீட்டுக்குப் போனதும் அம்மா என் பாவாடையை மோந்து பார்த்து, "ஏட்டி, ஆருக்கு எண்ணெ தேச்சு விட்டுட்டு வார?" என்று கேட்டாள். சுவருக்கு என்றேன். "சீக்காளிச் சுவராக்கும்" என்றாள்.

புதன்கிழமை முழுக்கக் காற்று. வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் வண்டிப்பாதைத் தூசி அத்தனையும் சுவரில் ஒட்டியிருந்தது. எண்ணெய் தடவிய முகத்தில் மாவைக் கொட்டினாற்போல். அதிகாரி வர ஒரே நாள். காரியதரிசி கலங்கவில்லை.

"எண்ணெ தேச்சா சீயக்கா போட்டுக் குளிக்கணும்லா? அதுதான் பாக்கி" என்றார். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவர ஆள் அனுப்பினார்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். எனக்கு அடுத்து நின்றவள், நெசவுக்காரத் தெருவிலிருந்து வந்த துலுக்க வீட்டுப் பெண். அவள் வாப்பா சாய நூல் வாங்கித் தறிக்குப் பாவு போடுகிறவர். அவர்கள் வீட்டில் எந்த நூல் வந்தாலும், நுனியை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பார்கள். துணியில் சாயம் ஒட்டினால் அந்த நூலைத் தறியில் ஏற்ற மாட்டார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, மொத்தமாத் தேய்க்காத. ஓரத்துல கொஞ்சம் பாப்போம்."

இரண்டு பேரும் கீழ்மூலையில் குனிந்தோம். ஒரு கிளி இருந்தது. சீயக்காய்த் தண்ணீரில் நனைத்த துணியால் நான் மூன்று தடவை தேய்த்தேன். அவள் தன் தலையில் போட்டிருந்த தாவணியின் வெள்ளை நுனியை அதன்மேல் அழுத்தி எடுத்தாள். நுனி பச்சையாக இருந்தது. சுவரில் கிளியின் இறக்கை இருந்த இடம் வெறும் சுண்ணாம்பு.

நான் தேய்த்த துணியிலும் பச்சை ஏறியிருந்தது. அதை நான்தான் காரியதரிசியிடம் கொண்டுபோனேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அய்யா, சாயம் போவுது" என்றாள்.

அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சாயமா? பாசிதான்ட்டி. சாரக்காலத்துல ஈரம் ஊறிப் புடிச்சது. குத்தாலத்துல எந்தச் சுவத்துல பாசி இல்ல?"

"பாசின்னா வழுக்கும்லா அய்யா?"

"காஞ்ச பாசி."

அவள் விடவில்லை. மறுபடி போய், பூங்கொத்து ஒன்றின்மேல் அழுத்தித் தாவணியின் இன்னொரு பக்கத்தைக் காட்டினாள். "அப்போ இந்தச் செவப்பு?"

"அது செம்மண்ணு. ரோட்டுத் தூசி."

"மஞ்ச?"

"ஒங்க ரெண்டு பேருக்கும் தேய்க்க மடி, ஒடம்பு வணங்கல. அதான் கத கட்டுதிய. போய் நில்லுங்க."

நீங்கள் எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். அந்தத் தாவணி நுனியை உங்களில் எட்டுப் பேராவது பார்த்தீர்கள். தட்டார் வீட்டுப் பெண் அதைத் தொட்டு மோந்துகூடப் பார்த்தாள்.

அப்புறம் பதினொரு பேரும் வரிசையாக நின்று தேய்த்தோம். நானும்தான் தேய்த்தேன். பெரியவர் பாசி என்று சொல்லிவிட்டார், நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு தேய்த்தேன். பசையில் குழைத்து எழுதிய வண்ணம் தண்ணீருக்கே இளகும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். எண்ணெய் ஊறியபின் சீயக்காய் போட்டால், எண்ணெயோடு வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். அன்றைக்கு நெசவுக்கார வீட்டுப் பத்து வயசுப் பெண்ணுக்கு அதில் பாதி தெரிந்திருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையின் சிவப்புத் தலைப்பாகை ஒழுகி, குதிரையின் முகத்தின்மேல் வழிந்தபோதுதான் காரியதரிசி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். தண்ணீர் வாளி மூன்று நிறத்தில் இருந்தது. "காஞ்சா சரியாயிரும்" என்றார் அவர். நான் நோட்டை எடுத்து மறுபடி எண்ணினேன். குரங்குகள் பதினொன்று. குதிரை நாலு. குடம் சுமந்த பெண்களில் முகம் உள்ளவர்கள் இரண்டு பேர். அருவி மட்டும் அப்படியே இருந்தது. அது வண்ணமே பூசாத வெறும் சுண்ணாம்பு.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மாவிலைத் தோரணம், பித்தளைப் பாத்திரத்தில் பானகம், புதுச் சட்டையில் கமிட்டி. நாம் ஓரமாக வரிசையில் நின்றோம். அவர் உள்ளே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இதை யார் கழுவினது?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

காரியதரிசி நம் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலை நான் இன்றும் மன்னிக்கவில்லை. "பிள்ளையள் சார். ஆர்வத்துல தேச்சுட்டுது. தூசி தட்டத்தான் சொல்லியிருந்தேன்" என்றார்.

அதிகாரி சுவரை விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டே வந்து கீழ்மூலையில் குனிந்தார். நாங்கள் சோதித்த இடம் அங்கே தனியாகத் தெரிந்தது. ஓர் உள்ளங்கை அகலம், சுத்தமான வெள்ளை. "இங்கேதான் ஆரம்பித்திருக்கிறார்கள்" என்றார். "இதைத் தேய்த்தது யார்?"

"நான்" என்றேன். அதற்கு மேலும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். முழுச் சுவரும் கெடக்கூடாது என்றுதான் அங்கே தேய்த்துப் பார்த்தோம், துணியைக் காட்டினோம், அய்யா கேட்கவில்லை. இதுதான் அந்த வாக்கியம். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் "ஓ" என்று தலையை ஆட்டிவிட்டார்கள். ஆள் கிடைத்துவிட்டது. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு வண்டியில் ஏறினார். பிறகு பானகம் கொடுத்தார்கள். கடிதம் எழுதியவளே, நீ இரண்டு தம்ளர் குடித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. அப்பாவையும் என்னையும் வரச்சொல்லி ஆள் வந்தது. போகும் வழியில் அப்பா பேசினார். முந்தின நாளே நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் நம்பவும் செய்தார். நம்பிக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

"கேட்டா, ஆமா தப்புதான்னு சொல்லிரு. ஒத்த வார்த்த. ஒரு பிள்ள தப்புன்னு ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சிரும். மத்தப் பிள்ளையளாவது படிக்க வரும்லா."

"பாசின்னு சொன்னது அவியதானப்பா?"

"அவியள நாலு பேரு முன்னால பொய்யாக்கிட்டு நாம இந்த ஊர்ல இருக்க முடியுமா? இன்னொண்ணு. அந்தத் துலுக்க வீட்டுப் பிள்ள பேர எடுக்காத. மண்டபத்துச் சுவருன்னு பேச்சு கெளம்புனா அவிய வீட்டுக்கு வேற மாதிரி வந்து விடியும்."

என் அப்பா பயந்தவர் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பிவிட்டது. ஒரு பெண் தலைகுனிந்தால் பத்துப் பெண்களை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். ஒருத்தி தலைகுனிந்ததை வைத்துத்தான் பதினொரு பேரையும் வெளியே தள்ளுவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்சலில் அப்படி நடப்பதில்லை, ஒன்று உடைந்ததற்காக மற்றவற்றைத் திருப்பி அனுப்புவதில்லை.

கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அந்தப் பெஞ்சில்தான் நான் எஞ்சின் படம் பார்த்தேன். இப்போது பண்ணையார் அதில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பார்சல் குமாஸ்தா மகளா? நீதான் மொதல்ல கை வச்சதா?"

"ஆமா. நான்தான் மொதல்ல தேச்சேன்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன். அப்பாவின் கையை மீறியும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

"தப்புதான?"

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. காரியதரிசி கூட்டக் குறிப்புகளுக்கான மினிட் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவருடைய பேனா மட்டும் நகர்ந்தது.

"தப்புதான்" என்றேன்.

"அவ்வளவுதான்வே" என்றார் பண்ணையார், காரியதரிசியைப் பார்த்து. "பொம்பளப் பிள்ளைய விட்டா சுவரே போவுது. நாளைக்கிப் புத்தகம் என்னத்துக்கு ஆவும்? எழுதிக்கோரும்."

அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் இரண்டு மணிக்கு நாம் போனபோது, கதவின் உட்புறத்தில் இருந்த நிபந்தனைக் காகிதத்தைக் காவல்காரர் தண்ணீர் தொட்டு உரித்துக்கொண்டிருந்தார். "போயிருங்க பிள்ளையளா, அவ்வளவுதான்" என்றார். நீங்கள் கோயில் பக்கமாகப் போய்விட்டீர்கள். யாரும் என்னோடு நடந்து வரவில்லை. நான் செய்த காரியத்தால் உங்களுக்கும் போய்விட்டது என்று உங்கள் வீடுகளில் சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, வீட்டில் சொன்னதை நம்பினீர்கள்.

நெசவுக்காரத் தெருப் பெண் மட்டும் இரண்டு நாள் கழித்து என்னைத் தேடி வந்தாள். ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏட்டி, கமிட்டியில எம் பேரச் சொல்லலியாமே."

"ஒனக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதுன்னுதான்."

"ஒங்கிட்ட ஆரு கேட்டா? ஓரத்துல பாருன்னு சொன்னது ஆரு? நாந்தான. சாயம் போவுதான்னு பாக்கத் தெரிஞ்சதும் நாந்தான. என்னக் கூப்பிட்டிருந்தா அந்தத் தாவணிய எடுத்துட்டு வந்திருப்பேன். எங்க வாப்பாவையும் கூட்டிட்டு வந்திருப்பேன். வாப்பா இது சாயம்னு சொன்னா, பாசின்னு சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?"

"ஒங்களப் பத்தி ஏதாவது பேசுவாங்கன்னு அப்பா சொன்னாவ."

"பேசட்டும். நாங்க பேசமாட்டமா? நீ என்னமோ என்னக் காப்பாத்துனன்னு நெனச்சுட்டிருக்க. என்ன ஆளே இல்லன்னு ஆக்கிட்டட்டி."

அதன்பிறகு அவள் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அப்பா சொன்னதும் வீண்பயம் அல்ல. அவள் வந்து சொல்லியிருந்தால் கமிட்டி கேட்டிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சொல்லிப் பார்க்கும் உரிமை அவளுடையது. சாட்சியும் அவளிடம்தான் இருந்தது. அவளைக் கேட்காமலே அந்தச் சாட்சியைக் கழித்துவிட்டது காரியதரிசியும் பண்ணையாரும் இல்லை. என் அப்பாவும் நானும்.

சோதனைச்சாலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். முழுவதையும் தொடுமுன் ஒரு மூலையில் சிறிதளவு சோதித்துப் பார், முடிவைக் குறித்து வை, மேலதிகாரியிடம் காட்டு. புத்தகத்தில் அச்சிட்டிருந்தது. படித்துவிட்டு வெளியே வராந்தாவில் போய் நின்றேன். கூடப் பயின்றவள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பத்து வயசில் இரண்டு பெண்கள் இதை வரிசை தவறாமல் செய்தோம், அதற்காக எங்களைக் குற்றவாளி ஆக்கினார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த மூலைதான் எங்கள் குற்றத்துக்குத் தடயம். நாங்கள் சோதிக்காமலே எல்லாரோடும் சேர்ந்து தேய்த்திருந்தால் யாரும் எங்களைத் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த மாசியில் ஊருக்கு வந்தபோது வாசகசாலைக்குப் போனேன். காரியதரிசி காலமாகிவிட்டார். பண்ணையாரும் இல்லை. இப்போதிருக்கும் காரியதரிசி இளவயதுக்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார். பெண்கள் வருவதுண்டா என்று கேட்டேன். "வாரதில்லக்கா. அப்படி ஒரு தீர்மானம் இருக்கு" என்றார். அவருக்கே காரணம் தெரியவில்லை. பழைய மினிட் புத்தகத்தைத் தேடி எடுத்தார். சிறுமிகளின் விளையாட்டுத்தனத்தால் மண்டபச் சித்திரங்கள் கெட்டன என்றும், முதலில் தேய்த்த சிறுமி தவறை ஒப்புக்கொண்டாள் என்றும், ஆகையால் பெண்கள் நேரம் ரத்து செய்யப்படுகிறது என்றும் அந்த அழகான ரெவின்யூ கையெழுத்தில் இருந்தது. எண்ணெய் இல்லை. சீயக்காய் இல்லை. பாசி இல்லை. பதினாலு வருஷமாக இந்த ஊரில் பெண்கள் ஒரு பத்திரிகையை உட்கார்ந்து படிக்காமல் இருப்பதற்கு அந்த நாலு வரிதான் காரணம். கொடி மாறியது, காசில் ராஜாவின் தலை மாறப்போகிறது, இந்த நாலு வரி மாறவில்லை.

"இத எப்படி ரத்து செய்யணும்?" என்று கேட்டேன்.

"மனு குடுக்கணும்க்கா. இந்த ஊர்ல பொறந்தவங்களோ குடியிருக்கவங்களோ பத்துப் பேராவது கையெழுத்துப் போடணும். கமிட்டியில வச்சு நானே பேசுதேன்" என்றார். அந்த 'பேசுதேன்' எனக்குப் பழக்கமான வார்த்தை. அதை நம்பி நான் எதையும் விடுவதாக இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதிக்கொண்டு, நேரே நெசவுக்காரத் தெருவுக்குப் போனேன். அவள் பாவுக்கு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், ஏழு வயது, ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். மனுவின் வாசகத்தை வாசித்துக் காட்டினேன். நடந்தது எல்லாவற்றையும், யார் என்ன சொன்னார் என்பது உட்பட, அதில் எழுதியிருந்தேன். ஓரிடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

"இங்கன ஒன்னப் பத்தி வருது. எழுதட்டுமா வேண்டாமா? நீ சொல்லு" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். "இத இப்பமாவது கேட்டியே" என்றாள். அந்த இடத்தைத் தன் கையாலேயே நிரப்பினாள். மூலையில் சோதித்துப் பார்க்கச் சொன்னது நான், துணியில் வந்தது சாயம், அதை அன்றைக்கே சொன்னேன்.

மனுவை இதோடு வைத்து அனுப்புகிறேன். முதல் கையெழுத்து அவளுடையது. தன் பெயர், வாப்பா பெயர், தெருவின் பெயர், வீட்டு எண் எல்லாவற்றையும் முழுதாகப் போட்டிருக்கிறாள். இரண்டாவது என்னுடையது. அதன்கீழே ஸ்கேல் வைத்து ஒன்பது கோடுகள் போட்டிருக்கிறேன்.